காற்றைத் திணித்த வீரர் – சர் ஹென்றி பர்க்கின்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எந்திரத்துக்கு, அது பிறந்தபோது இல்லாத வலிமையைப் பின்னால் சேர்க்க முடியுமா? சேர்த்தால் அந்த எந்திரம் அதைத் தாங்குமா? இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் பிறக்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் பிறந்தது.

என் அண்ணன் போடி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்வதும், மாலையில் இறக்கிக் கொண்டுவருவதும் அவர் தொழில். வண்டி முதலாளியுடையது. ஆறு ஆண்டுகள் அடுத்தவர் வண்டியை ஓட்டியவருக்குத் தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை. சென்ற ஆண்டு ஒரு பழைய ஜீப் விலைக்கு வந்தது. அதை வைத்திருந்தவர் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு டர்போவை வாங்கிப் பொருத்தியிருந்தார். ஏற்றத்தில் மற்ற ஜீப்புகளை அது முந்திச் சென்றதை அண்ணனே கண்ணால் கண்டிருந்தார். விலையும் குறைவு. அண்ணனின் சேமிப்போடு அம்மாவின் சங்கிலியையும் சேர்த்தால் வாங்கிவிடலாம்.

அன்று இரவு அண்ணன் என்னைப் பார்த்து, நீ இயற்பியல் படிக்கிறாயே, இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமா, நீயே சொல் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வெப்ப இயக்கவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அண்ணனின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நூலகத்தில் மோட்டார் எந்திரங்கள் பற்றிய ஒரு பழைய நூலைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. பெரிய கார். அதன் முகப்பில், ரேடியேட்டருக்கும் முன்னால், மூக்கு நீண்டாற்போல ஓர் இரும்புக் கருவி துருத்திக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் சர் ஹென்றி பர்க்கின் என்று கீழே எழுதியிருந்தது. அவர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அண்ணன் கேட்ட கேள்வியையே அந்த மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது புலப்பட்டது. அவர் வரலாற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இளமை

ஹென்றி ரால்ஃப் ஸ்டான்லி பர்க்கின் 1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அந்நகரம் பின்னல் துணிக்குப் பெயர்பெற்றது. பர்க்கின் குடும்பம் அந்தத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம். சிறுவனாக இருந்தபோதே, படக்கதை ஒன்றில் வரும் புலிக்குட்டியின் பெயரைக் கொண்டு அவரை டிம் என்று அழைத்தனர். அந்தச் செல்லப்பெயரே கடைசிவரை நிலைத்தது.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் அரசு விமானப் படையில் சேர்ந்தார். பாலஸ்தீனத்தில் பணியாற்றியபோது மலேரியா அவரைப் பற்றிக்கொண்டது. போர் முடிந்தது, காய்ச்சலோ அவரை முழுமையாக விட்டுப் போகவில்லை. விமானத்தின் வேகத்தைச் சுவைத்துவிட்ட இளைஞருக்கு நூலும் துணியும் விற்கும் வாழ்க்கை பிடிக்காமற்போனதில் என்ன வியப்பு? 1921-இல் புருக்லாண்ட்ஸ் என்னும் பந்தயத் தளத்தில் கார் ஓட்டினார். பின்னர்க் குடும்பத்தினரின் வற்புறுத்தலால் சில ஆண்டுகள் அதை விட்டிருந்தார்.

1927-இல் அவர் தம்பி ஆர்ச்சி, மான் தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி செய்தபோது விபத்தில் மாண்டார். அந்நாளில் பயிற்சியின்போது பொதுச்சாலையை மூடும் வழக்கம் இல்லை. இந்த இழப்புக்குப் பிறகே, 1928 முதல், பயிற்சிக்கும் சாலைகளை மூடத் தொடங்கினர். தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் பந்தயத்தை வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். பர்க்கினோ முன்னிலும் ஆழமாக அதில் இறங்கினார்.

பார்வைக்கு அவர் மெலிந்த, குள்ளமான மனிதர். பேசும்போது நாக்குத் திக்கும். கழுத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட நீலநிறப் பட்டுத்துணி பறக்கும். ஆனால் சக்கரத்தைப் பிடித்துவிட்டால் எந்திரத்தின் மீது அவர் இரக்கம் காட்டியதில்லை என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். அவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் இந்தக் குணமே காரணம் எனலாம்.

ஜாக்கியை விட்டுச் சென்ற கதை

பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் 1923 முதல் நடைபெறுகிறது. அந்நாளில் இருவர் மாறி மாறி ஒரே காரை ஓட்டினர். 1928-இல் பர்க்கின், ழான் சசான் என்ற பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து நாலரை லிட்டர் பென்ட்லி காரில் கலந்துகொண்டார். எடையைக் குறைப்பதற்காகச் சக்கரம் மாற்றும் ஜாக்கியை வண்டியில் எடுத்துச் செல்லவில்லை. விதி சும்மா இருக்குமா? முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது டயர் வெடித்தது. கிழிந்த டயரோடு ஓட்டி, வெறும் வளையத்தில் ஓட்டி, கடைசியில் சக்கரமே நொறுங்கி வண்டி நின்றுவிட்டது. பர்க்கின் நடந்தே வந்து சேர்ந்தார். அப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்த சசான் கைக்கு ஒன்றாக இரண்டு ஜாக்கிகளைத் தூக்கிக்கொண்டு சில மைல் தூரம் ஓடிச் சென்று சக்கரத்தை மாற்றி வண்டியைக் கொண்டுவந்தார். இவ்வளவு நேரத்தை இழந்தும் அவர்கள் ஐந்தாம் இடம் பெற்றனர்.

மறு ஆண்டு, 1929-இல், பென்ட்லி நிறுவனத்தின் தலைவராக இருந்த உல்ஃப் பர்னாட்டோவுடன் சேர்ந்து பர்க்கின் அதே பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அந்தக் கார் ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’. அவ்வாண்டு முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி கார்களே பிடித்தன.

இரண்டு வழிகள்

இங்கே சற்று நின்று இயற்பியலைப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினின் வலிமை பெட்ரோலில் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிறது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்று போதாவிட்டால் கரும்புகைதான் மிஞ்சும். ஆகவே ஓர் இன்ஜின் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதுவே அதன் வலிமைக்கு எல்லை.

நாலரை லிட்டர் பென்ட்லியில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 100 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 140 மில்லிமீட்டர். நண்பர்கள் கணக்கிட்டுப் பார்த்தால் மொத்தக் கொள்ளளவு 4,398 கன சென்டிமீட்டர் என்று வரும். ஆறரை லிட்டர் காரிலும் அதே விட்டம், அதே ஓட்டம். சிலிண்டர்கள் மட்டும் ஆறு. ஆக 6,597 கன சென்டிமீட்டர். இந்த கார்களை உருவாக்கிய வால்டர் ஓவன் பென்ட்லியின் வழி இதுதான். வலிமை வேண்டுமா? நுரையீரலைப் பெரிதாக்கு. இரண்டு சிலிண்டர்களைக் கூட்டு. எந்திரம் பதற்றமின்றி மூச்சு வாங்கட்டும்.

பர்க்கினுக்கு இந்த வழி பிடிக்கவில்லை. கனத்த கார் அவருக்கு ஆகாது. இலேசான நான்கு சிலிண்டர் காரையே வைத்துக்கொண்டு, அதன் வாய்க்குள் காற்றை அமுக்கித் திணித்தால் என்ன என்று எண்ணினார். அந்த வேலையைச் செய்யும் கருவிதான் சூப்பர்சார்ஜர்.

இந்த எண்ணம் அவருக்கு முன்பே உலகில் இருந்தது. 1860-இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள், ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு உருளைகளைக் கொண்டு காற்றைத் தள்ளும் ஊதுகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். காற்றை அமுக்கி எரிபொருள் எந்திரத்துக்கு ஊட்டும் முறையை ஜெர்மனியின் காட்லீப் டெய்ம்லர் 1885-லேயே கருதியிருந்தார். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிந்துபோவதால் விமான எந்திரங்களுக்கு இக்கருவி மிகவும் வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலேயே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 85 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. நம் மலைப்பாதையில் லாரிகள் மூச்சுத் திணறுவதற்கு ஏற்றத்தோடு இதுவும் ஒரு காரணம்.

சூப்பர்சார்ஜருக்கும் டர்போவுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்னது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்தே சுழற்சியைப் பெறுகிறது. பின்னது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்கிறது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. இரண்டும் கேட்கும் விலையும் ஏறக்குறைய ஒன்றே. அமுக்கிய காற்று சூடாகும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங், ஹெட் கேஸ்கெட் ஆகிய அனைத்தும் தாம் எதற்காகச் செய்யப்பட்டனவோ அதைவிட மிகுந்த சுமையைத் தாங்க வேண்டிவரும்.

முகப்பில் முளைத்த கருவி

பர்க்கின் தம் எண்ணத்தை பென்ட்லியிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. சூப்பர்சார்ஜர் தம் எந்திரத்தின் இயல்பைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய உறுதியான கருத்து. பர்க்கின் தளரவில்லை. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளரை நாடினார். வில்லியர்ஸ் ரூட்ஸ் வகைக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அது கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில், ரேடியேட்டருக்கு முன்னால், காருக்கு வெளியே பொருத்தப்பட்டது. நூலகத்தில் நான் பார்த்த படத்தில் மூக்காகத் தெரிந்தது அதுவே.

கருவியை மட்டும் கொண்டுவந்து மாட்டிவிட்டு அவர்கள் கைகழுவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டையும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் வலுவாக்கினர். சாதாரண நாலரை லிட்டர் காரின் திறன் 110 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் பூட்டி விற்பனைக்கு வந்த காரின் திறன் 175. பந்தயத்துக்காக ஆயத்தம் செய்தவை 240 வரை எட்டின. எண்ணிக்கை மயக்கத்தான் செய்கிறது!

இதற்கெல்லாம் பணம்? பர்க்கினின் கையிருப்பு கரைந்தது. டாரதி பேஜட் என்ற செல்வச் சீமாட்டி உதவ முன்வந்தார். பின்னாளில் குதிரைப் பந்தய உலகில் புகழ்பெற்றவர் அவர். ‘கோல்டன் மில்லர்’ என்னும் பெயர்பெற்ற குதிரை அவருடையதே. வெல்வின் என்ற ஊரில் பட்டறை அமைந்தது. லெ மான் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அத்தகைய கார்கள் 50 விற்பனைக்காகச் செய்யப்பட வேண்டும் என்று விதி இருந்தது. நிறுவனத்தின் பணப்பை பர்னாட்டோவின் கையில். அவர் இணங்கிவிட்டார். தாம் விரும்பாத காரைத் தம் பெயரிலேயே 50 செய்து விற்க வேண்டிய நிலை பென்ட்லிக்கு ஏற்பட்டது. பர்க்கினின் பந்தயக் கார்கள் ஐந்தையும் சேர்த்து மொத்தம் 55 கார்கள் உருவாயின. இவையே ‘புளோயர் பென்ட்லி’ என்று உலகம் போற்றும் கார்கள்.

களத்தில் நடந்தது

1929 ஜூன் மாதம் புருக்லாண்ட்ஸில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார் முதன்முதலாக ஓடியது. முடிவுவரை ஓடவில்லை, இடையிலேயே நின்றது. அவ்வாண்டே அயர்லாந்தில் ஆர்ட்ஸ் என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பர்க்கின் ஓட்டிய புளோயர் காரில், மெக்கானிக்காகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றவர் வேறு யாருமல்லர், பென்ட்லியேதான்! கருத்தில் எதிரியாக நின்றவர், தம் கையால் உருவான எந்திரம் படும் பாட்டை அருகிலிருந்தே பார்த்திருக்கிறார். கருத்து வேற்றுமை வேறு, மனிதப் பண்பு வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

1930-ஆம் ஆண்டு லெ மான் பந்தயமே பர்க்கினின் பெயரை நிலைநாட்டியது. ஜெர்மனியின் ருடால்ஃப் காரச்சியோலா மெர்சிடிஸ் காரில் சீறிக்கொண்டு முன்னே சென்றார். அந்தக் காரிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஆனால் மிதிகட்டையை முழுவதும் அழுத்தினால் மட்டுமே அது இயங்கும், சிறிது நேரம் பயன்படுத்துவதற்கே உரியது. பர்க்கின் அவரைத் துரத்தினார். நேர்ச்சாலையில் இடம் இல்லாததால் இரண்டு சக்கரங்களைப் புல்தரையில் இறக்கி, புழுதி பறக்க, முந்திச் சென்றார். அந்த வேகத்தில் அவர் காரின் டயர் மேல்தோல் பிய்ந்து பறந்தது. இருந்தும் அவர் வேகத்தைத் தணிக்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? இரவில் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. பர்க்கினின் புளோயர் கார்கள் இரண்டும் எந்திரம் பழுதுபட்டு முடிவுக்கு முன்பே ஓய்ந்தன. அமைதியாகப் பின்தொடர்ந்து வந்த, சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறு சிலிண்டர் பென்ட்லி கார்கள் முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பெற்றன. பென்ட்லியின் கருத்தே வென்றது. ஆனால் மக்கள் நெஞ்சில் நின்றதோ பர்க்கின் புல்தரையில் இறங்கி முந்திய காட்சிதான்!

அதே ஆண்டு செப்டம்பரில் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் மற்றொரு வியப்பு. சிறிய, இலேசான புகாட்டி கார்களுக்கு நடுவே, விளக்குகளையும் மட்கார்டுகளையும் கழற்றிய தம் பெரிய புளோயர் காரைக் கொண்டு நிறுத்தினார் பர்க்கின். எருமையைக் கன்றுக்குட்டிகளோடு ஓட விட்டாற்போன்ற காட்சி. எத்தான்ஸ்லின் என்பவரின் புகாட்டிக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் பெற்றார். புளோயர் பென்ட்லி பெற்ற பெரும் சிறப்பு இதுவே. பெரிய பந்தயம் எதிலும் அது முதலிடம் பெறவில்லை.

பிறவிக் குணமும் பின்வந்த குணமும்

1930 அக்டோபரில் டாரதி பேஜட் தம் உதவியை நிறுத்திக்கொண்டார். ஒற்றை இருக்கைக் கார் ஒன்றுக்கு மட்டும் தொடர்ந்து பணம் கொடுத்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கிய பென்ட்லி நிறுவனம் 1931-இல் மூழ்கியது. அதை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது.

அதே 1931-இல் பர்க்கின் மீண்டும் லெ மான் சென்றார். இம்முறை ஹௌ பிரபுவுடன் சேர்ந்து இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ காரில். முதலிடம் பெற்றார். 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் சென்று, அப்பந்தயத்தில் அந்த எல்லையை முதன்முதலில் கடந்த பெருமையும் அவர்களுக்குக் கிடைத்தது.

இதில் ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த ஆல்ஃபா ரோமியோவிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது! அதுவும் ரூட்ஸ் வகைதான். கொள்ளளவோ 2.3 லிட்டர், பென்ட்லியில் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் பென்ட்லியில் தோற்ற கருவி இங்கே வென்றது எப்படி? விட்டோரியோ யானோ என்ற மேதை அந்த எந்திரத்தைத் தாளில் வரைந்தபோதே சூப்பர்சார்ஜருக்கும் சேர்த்தே வரைந்தார். எந்தச் சுமை வரும் என்று அறிந்தே எலும்பை அமைத்தார். குற்றம் கருவியில் இல்லை. சுமையை எதிர்பார்த்துப் பிறந்த எந்திரம் வேறு, பிறந்தபின் சுமை ஏற்றப்பட்ட எந்திரம் வேறு. பர்க்கின் தம் வாழ்நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்.

1932 மார்ச்சில், ஒற்றை இருக்கை புளோயர் பென்ட்லியில் புருக்லாண்ட்ஸ் வெளிவட்டத்தை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றி அவர் சாதனை படைத்தார். அதாவது 222 கிலோமீட்டர். ஒரு சுற்று, முழு வேகம், பிறகு ஓய்வு என்றால் அந்தக் காருக்கு இணை இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் என்றால்தான் தொல்லை. இதுவும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

ஒரு சிறு தீக்காயம்

1933 மே மாதம் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியில் பந்தயம். பர்க்கின் மசராட்டி காரில் மூன்றாம் இடம் பெற்றார். இடையில் வண்டி நின்றபோது, ஏதோ எடுப்பதற்காகக் கையை நீட்டியவர் கொதிக்கும் புகைக்குழாயில் முன்கையைச் சுட்டுக்கொண்டார். எத்தனையோ ஆபத்துகளைக் கண்டவருக்கு அது ஒரு காயமாகவே தோன்றவில்லை. சரிவரக் கவனிக்காமல் விட்டார். இங்கிலாந்து திரும்பியபின் உடல்நிலை மோசமாயிற்று. குருதியில் நஞ்சேறியது என்பர். பாலஸ்தீனத்தில் பற்றிய மலேரியாவும் மீண்டது என்பர். பெனிசிலின் 1928-லேயே கண்டறியப்பட்டிருந்தாலும் மருந்தாக மக்கள் கைக்கு வந்தது 1940-களில்தான். ஜூன் 22-ஆம் நாள் லண்டன் மருத்துவ இல்லம் ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 36. நார்ஃபோக் கடற்கரையோரம் பிளேக்னி என்ற சிற்றூரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவரைப் பந்தயத்தளம் கொல்லவில்லை. அலட்சியப்படுத்திய ஒரு சிறு சூடு கொன்றது. எந்திரத்தின் மீது காட்டாத இரக்கத்தை அவர் தம் உடலின் மீதும் காட்டவில்லை என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அவருக்குப் பின்னும் அந்தக் காரின் கதை முடியவில்லை. அயன் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்ட் கதையில் நாயகன் வைத்திருப்பது ஒரு புளோயர் பென்ட்லி. ஏறக்குறையப் புதிதாக இருந்த நிலையில் அவன் வாங்கிய கார். சாதனை படைத்த ஒற்றை இருக்கைக் கார் 2012-இல் 50 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது. பென்ட்லி என்ற பெயரைத் தாங்கிய இன்றைய நிறுவனமே அந்தப் பழைய காரைப் போல 12 கார்களைப் புதிதாகச் செய்யப்போவதாக 2019-இல் அறிவித்தது. எதை அன்று அதன் தந்தை வெறுத்தாரோ அதுவே இன்று அப்பெயரின் அடையாளம்!

திண்ணைக்குத் திரும்புகிறேன்

இவ்வளவையும் படித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கதையைச் சொன்னேன். பின்னால் பொருத்திய டர்போ இருக்கும் ஜீப் வேண்டாம் என்பது என் முடிவு. காரணங்களையும் அடுக்கினேன். அந்த இன்ஜின் டர்போவுக்காகப் பிறந்ததன்று. கம்பெனியே டர்போ வைத்துச் செய்யும் இன்ஜின்களில் பெரும்பாலும் பிஸ்டனைக் குளிர்விக்க எண்ணெய் பீய்ச்சும் அமைப்பு இருக்கும், இதில் இல்லை. பர்க்கினாவது உள்ளுறுப்புகளை வலுவாக்கினார். இதை விற்பவர் மாட்டியதோடு சரி. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, ஆர்.சி. புத்தகத்தில் இந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பர்க்கின் பென்ட்லி சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்திருந்தால், தொண்ணூறு ஆண்டு கழித்து நீ அவரைப் பற்றிப் படித்துக்கொண்டு இருப்பாயா என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் அவர் செய்ததைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. தமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியை அழைத்துக்கொண்டு அந்த ஜீப்பை ஓட்டிப் பார்க்கச் சென்றார். தரையில் ஓட்டவில்லை. வெறும் வண்டியாகவும் ஓட்டவில்லை. ஆட்களை ஏற்றினால் வரும் எடைக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையேறினார். முதல் சில வளைவுகளில் வண்டி பறந்தது. பாதி மலை தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியது, இறங்கவே இல்லை. மேஸ்திரி வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. ஹெட் கேஸ்கெட் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருவரும் வண்டியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

நான் மூன்று வாரம் நூல்களைப் புரட்டிக் கண்ட விடையை அவர்கள் ஒரு மலையேற்றத்தில் கண்டுவிட்டனர். முதலில் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு தெளிந்தேன். முள் ஏன் ஏறியது என்பதை நான் விளக்கிச் சொன்னபோது மேஸ்திரி கூர்ந்து கேட்டார். எத்தனையாவது வளைவில் ஏறியது என்பதை அவர் சொன்னபோது நான் கூர்ந்து கேட்டேன். இரண்டு அறிவும் ஒரு திண்ணையில் அமர்ந்தது அன்றுதான்.

அம்மாவின் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது. அண்ணன் இன்னும் முதலாளியின் வண்டியைத்தான் ஓட்டுகிறார். டர்போ இல்லாத, ஆனால் உடல் கெட்டியான ஒரு ஜீப்பைப் பார்த்து வைத்திருக்கிறார். தை மாதத்துக்குள் பணம் சேர்ந்துவிடும் என்கிறார்.

நண்பர்களே, பர்க்கினை நான் குறை சொல்ல வரவில்லை. எல்லையை முட்டிப் பார்த்தவர்களால்தான் எல்லை எங்கே இருக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் அவர் பணயம் வைத்தது பரம்பரைச் செல்வத்தை. என் அண்ணன் பணயம் வைக்க இருந்தது ஆறு ஆண்டு உழைப்பை. இரண்டும் ஒன்றல்ல. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலர் மீதும் குடும்பத்தின் எதிர்பார்ப்பு காற்றைப் போலத் திணிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாங்கும் வலிமை பிறவியில் அமையவில்லை என்றால், உள்ளுறுப்புகளை முதலில் வலுவாக்கிக்கொள்வோம். பர்க்கின் தம் தம்பியை இழந்தும் ஓடினார். செல்வத்தை இழந்தும் ஓடினார். ஓடும் அந்த ஊக்கத்தை அவரிடமிருந்து பெறுவோம். வெப்பமுள்ளைப் பார்த்து ஓட்டும் நிதானத்தை அண்ணனிடமிருந்து நான் பெற்றுக்கொண்டேன்.